கல்ரோடு தொடங்கும் இடம்

போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சின்ன வயதில் நான் பின்பக்கமாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் ஜீப்பில் பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். ஓரத்தில் உட்கார்ந்தால் ஏறிவந்த ரோடு முழுக்கக் கீழே தெரியும். காலடியில் உர மூட்டை, அதன்மேல் தூக்குவாளி, பக்கத்தில் தோட்டத்து வேலைக்கு வரும் நாலைந்து பேர். அம்மா ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் மேல்கம்பியைப் பிடித்திருப்பார். மேலே போய்ச் சேரும்வரை அந்தக் கை இறங்காது. வண்டி நின்றதும் தோள்பட்டையை நீவிக்கொண்டே நடப்பார்.

கேரளப் பக்கம் பூப்பாறை தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை. அதை ஒட்டிப் பிரிகிறது இரண்டரை கிலோமீட்டர் கல்ரோடு. அந்த முக்கில் அப்பா வண்டியை நிறுத்தி இறங்குவார். முன்சக்கரம் இரண்டிலும் நடுவில் இருக்கும் ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்டுவார், அப்போதுதான் முன்சக்கரத்துக்கும் இழுவை போகும். திரும்ப ஏறி லோ கியர் போட்டதும் இஞ்சின் சத்தம் மாறும். எனக்கு ஜீப் என்றால் அந்தச் சத்தம்தான். அப்பா போன பிறகு வண்டியை விற்றோம். சில வருடங்கள் வாடகை ஜீப்பில் ஓடியது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் 2021ல் மஹிந்திரா தார் வாங்கினேன். டீசல், மேனுவல் கியர், ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் ரகம்.

இந்த மலைப்பக்கத்தில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்குள் நாலைந்து வருடமாக ஒரே பேச்சுதான். தார் மெத்தை ஆகிவிட்டது, கார் மாதிரி ஆகிவிட்டது, விலை எங்கேயோ போய்விட்டது. நானும் அதையே பேசியிருக்கிறேன். வண்டியை வைத்திருந்து, அதே கல்ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகு என் எண்ணம் பாதி மாறியது. மாறாத பாதி முன்பைவிட உறுதியானது. இரண்டையும் எழுதிவைக்கத்தான் இது. வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயன்படும்.

முதலில் வண்டி ஏன் மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதை விளம்பரக்காரர்களின் விருப்பம் என்று நினைக்கிறார்கள். 2019 அக்டோபரிலிருந்து இங்கே விற்கும் கார்கள் எல்லாமே மோதல் சோதனை விதிகளில் தேற வேண்டும் என்றானது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தது. பழைய அச்சில் செய்த வண்டிகளுக்கு இந்த இரண்டையும் தாண்டுவது எளிதில்லை. 1985ல் வந்து ராணுவத்திலும் ரேலியிலும் பெயர் வாங்கிய மாருதி ஜிப்ஸி அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. 2010ல் வந்த முதல் தாரும் அப்படியே தொடர முடியாது. ஆகவே அடிச்சட்டம், உடல், இருக்கை எல்லாம் புதிதாகச் செய்து 2020 அக்டோபர் 2ஆம் தேதி இரண்டாவது தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் போய்ச் சுருளான காயில் ஸ்பிரிங் வந்தது. ஏர்பேக் வந்தது. அந்த நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5க்கு 4 நட்சத்திரம் கிடைத்தது. அம்மாவின் தோள்பட்டையை நினைத்தால் இதில் எதைக் குறை சொல்வது?

சரி, கல்ரோட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ரோட்டில் ஒன்றேகால் கிலோமீட்டர் தாண்டி ஒரு ஏற்றம். ஏற்றத்தின் நடுவில் மழைத்தண்ணீர் குறுக்காக அறுத்த பள்ளம். வண்டி அதில் இறங்கும்போது முன்சக்கரம் ஒன்றும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரம் ஒன்றும் காற்றில் தொங்கும். ஆக்சிலின் நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் வேலையே லேசாகச் சுற்றும் பக்கத்துக்குச் சுற்றைக் கொடுப்பதுதான். அதனால் தொங்குகிற இரண்டு சக்கரமும் சும்மா சுற்றும், தரையில் நிற்கிற இரண்டும் அசையாது. அப்பா அந்த இடத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, வண்டியைப் பின்னுக்கு உருட்டி, கொஞ்சம் கோணம் மாற்றித் திரும்ப ஏற்றுவார். நானும் அதைத்தான் கற்றிருந்தேன்.

ஆடி மாத மழையில் புதுவண்டியை முதன்முதலில் அங்கே கொண்டுபோனேன். சக்கரம் சுற்றியதும் பழக்கத்தில் காலை எடுத்தேன். வண்டி நின்றது. திரும்பவும் முயன்றேன், திரும்பவும் எடுத்தேன். நாலாவது தடவைதான் விஷயம் புரிந்தது. இந்த வண்டியில் சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் தானாகப் பிடித்து நிறுத்தி, சக்தியை மறுபக்கத்துக்குத் தள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அது வேலை செய்ய வேண்டுமானால் சக்கரம் கொஞ்சம் சுற்ற வேண்டும், நாம் ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்திருக்க வேண்டும். அதிகமாக மிதிக்கவும் கூடாது. காலை எடுத்தால் அதுவும் வேலையை விட்டுவிடும். ஐந்தாவது தடவை காலை அசைக்காமல் வைத்திருந்தேன். கடகடவென்று பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டது, ஒரு விநாடி தயங்கியது, அப்புறம் வண்டி தானே எழுந்து ஏறியது. அப்பா மூன்று முறை உருட்டி ஏறும் இடம் அது.

பழைய ஜீப் ஓட்டிய கையோடு புதுவண்டிக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நமக்குத் தெரிந்த சில நல்ல பழக்கங்கள் இங்கே எதிராக வேலை செய்யும். வண்டி சரியில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பள்ளத்தில் பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பழக வேண்டும். எப்போது கடகட என்கிறது, எத்தனை விநாடி கழித்துப் பிடிக்கிறது என்பது காதுக்குப் பழகிவிட்டால் போதும்.

காயில் ஸ்பிரிங் பற்றியும் என் பயம் தவறாகவே இருந்தது. மெத்தென்று இருந்தால் கல்ரோட்டில் குழையும் என்று நினைத்தேன். உண்மையில் சக்கரம் அதிகமாகக் கீழிறங்கித் தரையைத் தேடுகிறது. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரம்தான் இழுக்கும். இறுகலான லீஃப் ஸ்பிரிங்கில், சுமை இல்லாதபோது பின்பக்கம் துள்ளித் துள்ளிப் போகும். அந்தத் துள்ளலை நாம் முரட்டுத்தனத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். மூட்டை ஏற்றும்போது லீஃப் ஸ்பிரிங் கெட்டி என்பது உண்மைதான். பத்து மூட்டை உரம் ஏற்றி இறக்குவதுதான் தினசரி வேலை என்றால் இன்றைக்கும் நான் பழைய வண்டியைத்தான் சொல்வேன்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் டிஃபெண்டரைப் பாருங்கள். 2016 ஜனவரி 29ஆம் தேதி சோலிஹல் தொழிற்சாலையில் பழைய டிஃபெண்டரின் கடைசி வண்டி வெளிவந்தது. 2019ல் புதியதைக் காட்டியபோது அடியில் உடலைத் தாங்கும் தனி ஏணிச்சட்டம் இல்லை, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் பழைய டிஃபெண்டர் இறங்கக்கூடிய தண்ணீரின் ஆழம் 500 மில்லிமீட்டர், புதியதற்கு 900. இளகிப்போனது என்று திட்டிய வண்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆழத்தில் இறங்குகிறது. பழைய உருவம்தான் வேண்டும் என்று தவித்த பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப் தானே ஒரு கம்பெனி தொடங்கி, இடவல சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்த இறுகிய ஆக்சில்களோடு இனியோஸ் கிரெனேடியர் என்று ஒரு வண்டியைச் செய்தார். அதுவும் விலையில் சாதாரண விவசாயியின் கைக்கு எட்டவில்லை.

2024 ஆகஸ்ட் 15ல் அறிமுகமான தார் ராக்ஸ் விஷயத்திலும் இதேதான். ஐந்து கதவு, பெரிய கண்ணாடிக் கூரை, காற்று வரும் சீட், தானே பிரேக் போடும் உதவிகள். நம் ஆட்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அதே ராக்ஸின் ஃபோர் பை ஃபோரில் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றும்படி, பட்டனை அழுத்தி டிஃபரன்ஷியலைப் பூட்டும் எலக்ட்ரானிக் லாக்கர் இருக்கிறது. அப்பாவுக்கு அது கிடைத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இளகிப்போன இடமும் இருக்கிறது, அது டயர். யாரும் அதிகம் பேசாத சமாசாரம் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். என் வண்டியின் டயர் 255/65 ஆர்18. அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 166 மில்லிமீட்டர். இதே தாரின் கீழ்ரகத்தில் வந்தது 245/75 ஆர்16. பக்கச்சுவர் சுமார் 184. ராக்ஸின் உயர்ந்த ரகத்தில் 255/60 ஆர்19; 153தான். விலை ஏற ஏற ரிம் பெரிதாகிறது, ரப்பர் குறைகிறது. கல்ரோட்டில் நம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். காற்றைக் குறைத்தால் அது பிதுங்கிக் கல்லைக் கவ்வும், அடியை வாங்கிக்கொள்ளும். ரப்பர் குறைவாக இருந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ஷோரூமில் 19 இன்ச் அழகாகத்தான் இருக்கும். கல்ரோட்டுக்கு வாங்குகிறவர்கள் சின்ன ரிம் உள்ள ரகத்தைக் கேளுங்கள், காசும் மிச்சம்.

நான் கல்ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் டீக்கடை முக்கிலேயே காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிடுவேன். அப்பா ஹப் பூட்டிய அதே இடம். திரும்பி வந்ததும் சின்ன கம்ப்ரஸரால் நிரப்பிவிட்டுத்தான் மெயின் ரோட்டில் ஏறுவேன். குறைந்த காற்றோடு வளைவுகளில் வேகமாக இறங்குவது ஆபத்து. நேரம் ஆகிறது என்று சோம்பல்படக் கூடாத வேலை இது.

இதுவரை எல்லாம் நல்லபடி. இனி மாறாத பாதிக்கு வருகிறேன்.

வண்டி வாங்கிய இரண்டாவது வருடம், தோட்டத்துக்குள் ஒரு குறுகலான திருப்பத்தில் வெட்டிவிட்ட சில்வர் ஓக் மரத்தின் அடிக்கட்டை புல்லுக்குள் மறைந்திருந்தது. பின்னுக்கு எடுக்கும்போது பம்பரும் பக்கவாட்டுத் தகடும் அதில் உரசிக் கிழிந்தன. தவறு என்னுடையது, இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். பட்டறையில் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பம்பர் பிளாஸ்டிக், தட்ட முடியாது. உள்ளே சென்சாரின் ஒயர் அறுந்திருந்தது. தகட்டுக்குப் பெயிண்ட், அதற்குக் கலர் பொருத்தம், எல்லாம் சேர்த்து ஒரு சர்வீஸ் சென்டரில் எழுதிக்கொடுத்த மதிப்பீடு, தோட்டத்தில் இரண்டு பேருக்கு நான் கொடுக்கும் ஒரு மாதக் கூலி. அப்பாவின் ஜீப்பில் இதே உரசல் நடந்திருந்தால் சுத்தியல், கொஞ்சம் பெயிண்ட், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடுத்த மூன்று மாதம் வண்டியை டீக்கடை முக்கில் நிறுத்திவிட்டு நடந்துபோனேன். மழை, வழுக்கல் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம், கிழியும் என்ற பயம். ஒருநாள் உர மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகச் சொன்னேன். தோட்டத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ஏன் தம்பி, வண்டிதான் நிக்குதே. ஐயா இருந்தா மேல வரைக்கும் கொண்டாந்து போட்டிருப்பாரே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஸ்பிரிங் மெத்தென்று ஆனதால் ஒரு வண்டியும் மலையை விட்டு இறங்கவில்லை. விலைதான் இறக்குகிறது. வண்டியால் ஏற முடியும், நமக்குத்தான் ஏற்ற மனசு வராது. ஒவ்வொரு முட்செடிக்கும் ஒரு ரூபாய்க் கணக்கு மனசில் ஓடும்போது கையும் காலும் இயல்பாக ஓடாது.

விலை எவ்வளவு ஏறியது என்று பார்ப்போம். பழைய தாரின் கடைசிச் சிறப்புப் பதிப்பு 2019ல் ஷோரூம் விலை 9.99 லட்சம். 2020ல் புதியது 9.80 லட்சத்தில் தொடங்கியது, ஆனால் அது அடிப்படை ரகம். உயர்ந்த ரகம் 13 லட்சத்தைத் தாண்டியது. ராக்ஸ் ஃபோர் பை ஃபோர் அறிமுகமானபோது 18.79 லட்சத்தில் தொடங்கி 22.49 லட்சம் வரை போனது. இதற்கு மேல் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியை மாற்றிய பிறகு 10 லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 22.49 லட்சத்துக்குச் சாலை வரி மட்டும் சுமார் நாலரை லட்சம். எங்கள் பக்கத்தில் அந்தப் பணத்துக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஜீப்பே வாங்கலாம்.

வரி வண்டியின் உருவத்தையே மாற்றுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2023 ஜனவரியில் 9.99 லட்சத்துக்குத் தார் வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம்தான் அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ரகம் என்று தெரிந்தது. 4 மீட்டருக்குள் நீளம், 1500 சிசிக்குள் டீசல் இஞ்சின் என்றால் சிறிய காருக்கான குறைந்த வரி. அந்தக் கணக்குக்குள் அடங்கத்தான் அதில் 1.5 லிட்டர் டீசல். 2.2 லிட்டர் ஃபோர் பை ஃபோர் அந்தச் சலுகைக்குள் வராது. டவுனில் ஓட்டுகிறவருக்குக் குறைந்த விலையில் தார் கிடைக்கிறது, மலையில் வேலைக்கு வேண்டும் என்கிறவருக்கு அதிக விலை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு ஃபோர் பை ஃபோர் இழுவை பயிர்செய்கிறவனுக்குச் சொகுசு கிடையாது.

கொலுக்குமலைக்குப் போனால் இது கண்ணெதிரே தெரியும். தேனி மாவட்டத்து எல்லைக்குள் இருந்தாலும் வண்டிப்பாதை சூரியநெல்லி வழியாகத்தான், கேரளப் பக்கத்திலிருந்து. நம் சொந்த வண்டியை மேலே விட மாட்டார்கள், அங்குள்ள ஜீப்பில்தான் போக வேண்டும். விடிவதைப் பார்க்க அதிகாலை நாலு மணிக்கெல்லாம் வரிசையாகக் கிளம்புகின்றன. ஏறக்குறைய எல்லாமே பழைய ஜீப்புகள். நான் போன ஜீப்பின் டிரைவர் தம்பிக்கு முப்பது வயதிருக்கும், வண்டி அவரைவிட மூத்தது. "தார் வாங்கலாம்ல தம்பி?" என்று கேட்டேன்.

"ஏறும்ணே. இதைவிட நல்லாவே ஏறும்" என்றார். கொஞ்ச தூரம் போய்விட்டு, "ஆனா தெனம் ரெண்டு தடவ ஏறணும்ணே. பத்து வருஷம் ஏறணும். நடுவுல எது ஒடிஞ்சாலும் சாயங்காலத்துக்குள்ள நானே மாட்டணும், மறுநாள் சவாரி இருக்கும். அந்த வண்டியில எதையாவது நானா கழட்ட முடியுமா?" என்றார்.

அவருடைய சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் பிளேட், கிளட்ச் கேபிள், டியூப், கட்டுக்கம்பி எல்லாம் இருந்தன. அதைப் பார்த்த பிறகு பழைய வண்டிக்காகப் புலம்புகிறவர்களை நான் இளக்காரமாகப் பார்ப்பதில்லை. அந்தத் தம்பி இழந்தது, தன் கையாலேயே சரிசெய்துகொள்ளக்கூடிய ஒரு புது வண்டியை. அப்படி ஒன்று இன்றைக்கு விற்பனையில் இல்லை. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் போடும் டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது, மாருதி ஜிம்னியில் இரண்டு பக்கமும் இறுகிய ஆக்சில் இருக்கிறது. இரண்டும் மனசுக்குப் பிடித்த வண்டிகள். ஆனால் ஜிம்னி 2023ல் வரும்போதே 12.74 லட்சம், கூர்க்கா இன்னும் மேலே. தோட்டத்து ஜீப்பை மாற்ற நினைக்கும் ஒருவர் அங்கேயும் கடனில்தான் போய் நிற்க வேண்டும். நாளடைவில் பழைய ஜீப்புகளுக்கே கிராக்கி கூடி, அவையும் விலை ஏறுகின்றன.

ரோடும் மாறிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மூணாறு–போடிமெட்டுச் சாலை அகலமான பிறகு முன்பு வாந்தி எடுத்துக்கொண்டே கடந்த தூரத்தை இப்போது கார்களே சிரமமில்லாமல் கடக்கின்றன. வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த ரோடு போதும். அவர்களுக்காகத்தான் வண்டி செய்கிறார்கள். கடைசி இரண்டரை கிலோமீட்டர் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

அந்த அக்கா கேட்ட மறுவாரம் நான் வண்டியை மேலே ஏற்றினேன். அதற்குப் பிறகு முக்கில் நிறுத்தியதில்லை. ஆனால் சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். கிழிந்த பம்பரை மாற்றவில்லை, ஒயரை மட்டும் சரிசெய்தேன். கீழ்விளிம்பு முழுக்கக் கருப்பு பிளாஸ்டிக் பட்டை ஒட்டினேன். கதவோரம் உரசும் செடிகளுக்காக மெல்லிய பாதுகாப்பு ஃபிலிம் போட்டேன், பாதி வண்டிக்கு மட்டும், இடுப்புயரம் வரை. இரும்பு பம்பர் மாட்டிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். முன்பக்க இரும்பு கிராஷ் கார்டுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் உத்தரவு போட்டிருக்கிறது. ஏர்பேக் விரியும் நேரத்தையும் அது கெடுக்கலாம். பெரிய மாற்றம் எதுவானாலும் இன்ஷூரன்ஸ்காரரிடம் முதலில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் நேரத்தில் நமக்கே எதிராக வரும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் இன்னொன்று. தண்ணீரில் இறங்கி இஞ்சினுக்குள் நீர் போய்விட்டால் சாதாரணப் பாலிசியில் பொதுவாக ஈடு கிடைக்காது. இஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். தாருக்குச் சொல்லப்பட்ட தண்ணீர் ஆழம் 650 மில்லிமீட்டர். நின்று பார்த்தால் என் தொடையின் பாதி. ஓடையைக் கடக்கும் முன் நான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி நடந்து பார்ப்பேன். தொடை நனைந்தால் வண்டி இறங்காது. வெயில் காலத்தில் நன்றாகத் தெரிந்த ஓடையாக இருந்தாலும் மழைக்குப் பிறகு அடியில் கல் இடம் மாறியிருக்கும்.

டீசல் வாங்குகிறவர்கள் புகைக்கரி வடிகட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பி.எஸ்.6 டீசலில் கரியைப் பிடித்துவைத்து, சூடு ஏறும்போது எரித்துவிடும் ஒரு வடிகட்டி இருக்கும். தோட்டத்துக்குள் லோ கியரில் ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்தச் சூடு வராது, கரி சேரும். மலையிலேயே ஒரு வாரம் ஓட்டினால், இறங்கியதும் தேனியிலிருந்து திண்டுக்கல் போகும் ரோட்டில் அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிடுவது என் வழக்கம். வடிகட்டி விளக்கு எரிந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காய்ந்த ரோட்டில் ஃபோர் பை ஃபோர் போட்டு ஓட்டுவதையும் நிறையப் பார்க்கிறேன், வளைவில் நல்ல பிடிப்புக் கிடைக்கும் என்று நினைத்து. இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் இறுக்கமாகச் சேர்ந்துவிடும். திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் போக வேண்டும், போக முடியாமல் உள்ளே முறுக்கேறும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். காய்ந்த ரோட்டில் விடாது.

வாங்கும்போது எந்த ரகம் என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன். உங்கள் வண்டி வருடத்தில் எத்தனை நாள் கல்ரோட்டில் ஓடும்? பத்து நாள் என்றால் பின்சக்கர ரகத்தையோ சாதாரணக் காரையோ வாங்கிவிட்டு, அந்தப் பத்து நாளைக்கு உள்ளூர் ஜீப்பைக் கூப்பிடுங்கள். அவருக்கும் பிழைப்பு, உங்களுக்கும் லட்சங்கள் மிச்சம். வாரம் இரண்டு நாள் என்றால் ஃபோர் பை ஃபோர் கட்டாயம், ஆனால் அந்த வண்டியின் கீழ்ரகத்தை எடுங்கள். மிச்சப்படும் பணத்தில் ஒரு லட்சத்தைத் தனியாக வையுங்கள், கீறலுக்கும் டயருக்கும். அந்தப் பணம் ஒதுக்கியிருந்தால்தான் முக்கில் நிற்காமல் மேலே ஏற்றுவீர்கள். நான் அதை மூன்று மாதம் கழித்துக் கற்றேன்.

போன தீபாவளிக்கு முன்னால் தங்கச்சி வீட்டுக்காரர் ராக்ஸ் எடுத்தார். உயர்ந்த ரகம், ஃபோர் பை ஃபோர், வெள்ளை நிறம். அம்மாவுக்குத் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மாப்பிள்ளை அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார், தங்கச்சியும் கூட. அம்மா கதவைப் பிடித்து ஒரே எட்டில் ஏறிவிட்டார். என் மூன்று கதவு வண்டியில் பின்னால் ஏற முன்சீட்டை மடக்கி, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். நான் தாரில் முன்னால் போனேன், அவர்கள் பின்னால் வந்தார்கள்.

போடிமெட்டு செக்போஸ்ட்டில் நிறுத்தி எட்டிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். தலை சீட்டில் சாய்ந்திருந்தது, இரண்டு கையும் மடியில். 17 வளைவும் தாண்டியாகிவிட்டது. அந்த ரோட்டில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. தங்கச்சி விரலை உதட்டில் வைத்து எழுப்பாதே என்றாள்.

டீக்கடை முக்கு வந்தது. நான் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை இறங்கிவந்து கல்ரோட்டை ஒரு தடவை பார்த்தார். இருபக்கமும் செடி வளர்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய வண்டியின் வெள்ளைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். "மச்சான், இங்கயே விட்ருவோமா?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை எழுப்பி, மெதுவாகக் கூட்டிவந்து தாரின் முன்சீட்டில் உட்கார வைத்தேன். தங்கச்சியும் மாப்பிள்ளையும் பின்னால் குனிந்து நுழைந்தார்கள். லோ கியர் போட்டேன். சத்தம் மாறியதும் அம்மாவின் கை தானாக மேலே போய்க் கைப்பிடியைத் தேடியது.